விட்டுப்போன ஃப்ரேம்கள்

ஆபீஸில் அவளை எல்லோரும் மங்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த நிறுவனம் ஒரு கார் பந்தய விளையாட்டு செய்துகொண்டிருந்தது. கார் வேகமெடுக்கும்போது இரண்டு பக்கமும் மரங்களும் கம்பங்களும் இழுபட்டுத் தெரியுமே, அந்த மங்கலைச் செய்கிறவள் அவள். மங்கல் செய்கிறவள் மங்கலம். டீ குடிக்கிற நேரத்தில் யாரோ அடித்த ஜோக், அப்படியே ஒட்டிக்கொண்டது.

மங்கல் என்றாலே கோளாறு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவளுடைய மாமியாரே ஒருமுறை, “தெளிவாத் தெரியணும்னுதான் ஜனங்க இவ்வளவு பெரிய திரை வாங்குறாங்க. அதை மங்கலாக்குறதுக்கா உனக்குச் சம்பளம்?” என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். திரையில் எதுவும் ஓடுவதில்லை. நொடிக்கு அறுபது அசையாப் படங்கள், அதாவது ஃப்ரேம்கள், வந்து வந்து போகின்றன. நம் கண்தான் அவற்றைக் கோத்து ஓட்டமாக்கிக்கொள்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கார் எவ்வளவு தூரம் தாவியதோ, அந்த இடத்தைக் கொஞ்சம் பூசி மெழுகிவிட்டால் தாவினதே தெரியாது. அந்தப் பூசி மெழுகுகிற வேலைதான் தன்னுடையது என்றாள்.

“அப்போ ஊரை ஏமாத்துற வேலைன்னு சொல்லு” என்றார் மாமியார்.

விளையாட்டு வெளியாகச் சில வாரங்களே இருந்தபோது தொல்லை ஆரம்பித்தது. பாலத்து வளைவில் கார் திரும்பும்போது படம் இடறியது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கார், இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று துண்டு துண்டாக நின்றது. திரையின் மூலையில் ஃப்ரேம்களை எண்ணிக் காட்டும் கவுன்டரோ அறுபதை விட்டு இம்மியும் இறங்கவில்லை.

பக்கத்து மேஜையில் இருந்த டெஸ்டரைக் கூப்பிட்டாள். எவ்வளவு சின்னக் குறையானாலும் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் அவனுக்குக் கழுகு என்று பெயர்.

“இங்க பாரு. இடறுதா?”

கழுகு வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். “இல்லையேக்கா. வெண்ணெய் மாதிரிப் போகுது.”

“தூங்கிக்கிட்டே பார்க்குறியா? நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியல.”

வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும் என்று சாக்குச் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். தான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை வரி வரியாகப் பிரித்துப் போட்டாள். குறை அங்கே இல்லை. அப்படியானால் வேறு யாருடையதோ. அப்போதுதான் புகை அவள் கண்ணில் பட்டது.

டயர் தேயும்போது எழும் புகை, பாலத்தடியிலிருந்து வரும் மூடுபனி, இவற்றையெல்லாம் செய்தவர் ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர். பல வருஷம் கட்டட வரைபடத் துறையில் இருந்துவிட்டு, விளையாட்டுகள் மேல் ஆசைப்பட்டு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். மற்றவர்களுக்கு அவர் புகைக்காரர். மங்கலுக்கும் புகைக்கும் என்றைக்குமே ஆகாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். திரையின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரிந்தால்தான் அதை இழுத்துப் பூச முடியும். புகையோ ஊடே தெரிகிற பொருள். அதன் வேகத்தைப் பூசுவதா, பின்னால் தெரிகிற பாலத்தின் வேகத்தைப் பூசுவதா? சந்தேகப்பட இது போதாதா?

வாராந்திரக் கூட்டத்தில் போட்டு உடைத்தாள். “இடறலுக்குக் காரணம் புகைதான்.”

புகைக்காரர் மெதுவாகச் சொன்னார். “கவுன்டர் அறுபது காட்டுதே மேடம். என் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியல.”

“கவுன்டர் சராசரியத்தான் காட்டும். நடுவுல ரெண்டு ஃப்ரேம் விட்டுப்போனா அதுக்குத் தெரியாது. கண்ணுக்குத்தான் தெரியும். உங்களுக்கு இன்னும் பழக்கமில்ல சார், அதான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அசைவு விஷயத்தில் அவள் வார்த்தைக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. டீம் லீடர் அன்றைக்கே புகையை எடுக்கச் சொன்னார். அந்த வாரமே புகைக்காரரின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கலாம் என்று முன்பு பேச்சு இருந்தது, பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் தன் காபிக் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அவளிடமும் சொல்லிக்கொண்டார்.

புகையை எடுத்த மறுநாளே, அவர் இன்னும் ஆபீஸில் இருந்தபோதே, பாலத்து வளைவை ஓட்டிப் பார்த்திருந்தாள். கார் அப்படியேதான் இடறியது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நாளைக்குள் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த நாளை வந்தது, போனது. அதற்கடுத்த நாளும் போனது.

இதற்கிடையே வீட்டிலும் எல்லாம் ஒரு மாதிரியாக இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் சமையலறைக்கு வந்து பேச்சுக் கொடுப்பார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். அடுத்த கணம் அவள் தோளுக்குப் பின்னால் நிற்பார். ஒருநாள் வீல் என்று கத்திவிட்டாள்.

“பேய் மாதிரி வந்து நிக்காதீங்க!”

“நான் பேசிக்கிட்டேதானே வந்தேன்?” என்றார் அவர், கையில் தட்டோடு விழித்துக்கொண்டு.

பேசிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அவர் வாய் திறந்தபடி இருந்தது, அப்புறம் மூடியிருந்தது, சொற்கள் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. தூக்கம் போதவில்லை, வேலை முடியட்டும், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். அவரும் அதையேதான் சொன்னார்.

ஒருநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் ஓர் அகலமான சாலையைக் கடக்க வேண்டும். தூரத்தில் மருந்துக்கடைப் பக்கமாக ஒரு நீல வேன் நின்றது. வேறு வண்டி இல்லை. காலை எடுத்து வைத்தாள். மகள் இரண்டு கையாலும் அவள் பையைப் பிடித்து இழுத்தாள். அவள் மல்லாக்க விழப் பார்த்து, தடுமாறி நின்றபோது வேன் மூக்குக்கு முன்னால் இருந்தது. ஓட்டுநரின் பிளந்த வாய் தெரிந்தது. அப்புறம் வேனே இல்லை. ஹாரன் சத்தம் மட்டும் தெருவோடு தேய்ந்துகொண்டே போயிற்று.

“அம்மா! உனக்குக் கண்ணு தெரியலையா?” மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

“வேன் நின்னுக்கிட்டுதானேடி இருந்துச்சு?”

“நிக்கலம்மா! வந்துக்கிட்டே இருந்துச்சு. வேகமா வந்துச்சு!”

அவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப் பக்கத்தில் ஒரு ஆள் கடை வாசலில் இருந்தார். பிறகு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். நடுவே இருக்க வேண்டிய நடை எங்கேயும் இல்லை. ஒரு புறா தரையில் இருந்தது, பிறகு கூரை விளிம்பில் இருந்தது. பாலத்து வளைவில் கார் இடறினதே, அச்சு அசலாக அதே இடறல். ஆனால் இங்கே புகை இல்லை, நிரல் இல்லை, கவுன்டர் இல்லை. தெருவுக்கு ஏது ஃப்ரேம் ரேட்?

கையை முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்களை விரித்து வேகமாக ஆட்டினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நாள் முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டே இருப்பாள், விரல்கள் விசிறி மாதிரி எப்படி இழுபடுகின்றன என்று மனப்பாடம் செய்ய. இப்போது விசிறி இல்லை. இங்கே ஒரு கை. அங்கே ஒரு கை. ரேகை வரைக்கும் துல்லியமாக, ஒட்டி வைத்த மாதிரி. 

“எதுக்கும்மா டாட்டா காட்டுற?” என்று மகள் கேட்டாள்.

அன்றைக்கு அவள் கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. முதலில் தனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. மறுநாள் காலை ஆபீஸில் ஒரு சின்னச் சோதனை எழுதினாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் பந்து இடமிருந்து வலம் போகும், அவ்வளவுதான். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் நொடிக்கு அறுபது ஃப்ரேம், முப்பது, பதினைந்து, ஐந்து என்று முன்னறிவிப்பு இல்லாமல் மாறும். கழுகைச் சோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அவன் யோசிக்கவே இல்லை. “அறுபது. இது முப்பது. மறுபடி அறுபது. ஐயோ, இது நொண்டியடிக்குது, அஞ்சா?” எல்லாம் சரி.

“இப்போ நீ அமுக்கு. நான் சொல்றேன்.”

பந்து இடது ஓரத்தில் இருந்தது, நடுவில் இருந்தது, வலது ஓரத்தில் இருந்தது.

“முப்பது” என்றாள்.

அவன் மறுபடி அமுக்கினான்.

“அதேதான். மாறவே இல்ல.”

கழுகு பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டான். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“அக்கா, முதல்ல வந்தது அறுபது. இப்போ வந்தது அஞ்சு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்போலேர்ந்துக்கா?”

“பாலத்துல இடறுதுன்னு உன்னைத் திட்டினேனே, அப்போலேர்ந்து.”

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, “அப்போ புகை?” என்றான். அவள் சோதனையை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா பொறுமையானவர். எழுத்தைப் படிக்கச் சொன்னார், படித்தாள். நிறங்களைக் கேட்டார், சொன்னாள். பேனாவைக் கண்ணெதிரே நகர்த்தி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டபோது அவள் விழித்தாள்.

“அசைவைப் பார்க்கிறதுக்குன்னே தலைக்குள்ள தனியா ஒரு இடம் இருக்கும்மா. பின்பக்கம் ரத்தம் போற வழியில அடைப்பு வந்து, அந்த இடம் அடிபட்டிருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது. நடுவுல பலமாத் தலைவலி வந்துச்சா?”

வந்தது. தலை பிளந்துபோகிற மாதிரி வந்தது. வேலை கழுத்துக்கு மேல் இருந்ததால் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாத்திரை வாங்கிக் கொடுத்ததே நான்தான்” என்றார் கணவர். அதைச் சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது திரும்பி வருமா டாக்டர்?”

“அடைப்புக்கு மருந்து இருக்கு. பார்வை கொஞ்சம் திரும்பலாம். முழுசாத் திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் செய்த முதல் வேலை டீம் லீடரைப் போய்ப் பார்த்ததுதான். அவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். புகைப் பேச்சை எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது.

“அதெல்லாம் முடிஞ்ச கதை மங்கலம். விளையாட்டு நாளைக்கு வெளிய போகப்போகுது. இப்போ எதையும் தொட முடியாது.”

“அவரை நான்தான் சார் வெளிய அனுப்பினேன்.”

“ஒப்பந்தம் முடிஞ்சது, போனாரு.”

“அது ஏன் முடிஞ்சதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

அவர் முகம் வேறு முகமாக இருந்தது. எந்த இடத்தில் மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. “நல்லா யோசிச்சுக்கோங்க. அசைவே தெரியாதவளை வெச்சுக்கிட்டு இவங்க மங்கல் செஞ்சாங்கன்னு நாலு பேர் சிரிப்பாங்க. பேர் கெடப்போறது உங்களுக்குத்தான்.”

மறுநாள் கூட்டத்தில் அவள் எழுந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள். இடறல் புகையில் இல்லை, விளையாட்டிலேயே இல்லை, என் தலைக்குள் இருந்தது என்றாள். கழுகு அவள் சொல்லாமலேயே பழைய புகையோடு பாலத்து வளைவைப் பெரிய திரையில் ஓட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், தனித்தனிப் படங்களாக. யாரும் சிரிக்கவில்லை. முதல் அப்டேட்டில் புகையைத் திரும்பச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஆளைத் திரும்பச் சேர்ப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் அவளைப் புகைக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டு, “கதவு ரோலர் போயிருக்கும். ஒரு மணி நேர வேலை. அதுக்கு அட்டை எழுதி ஒட்டியிருக்கான் பாரு” என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். படியேறும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போனதும், “நான் இங்கேயே நிக்கிறேன். நீ பேசு” என்று படியிலேயே நின்றுகொண்டார்.

புகைக்காரர்தான் கதவைத் திறந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நோயை, சோதனையை, கூட்டத்தில் பேசியதை. அவருக்குக் கோபம் வருவதை அவளால் பார்க்க முடியவில்லை. வந்து நின்ற கோபத்தைத்தான் பார்த்தாள்.

“எனக்குப் பழக்கமில்லன்னு சொன்னீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அந்த வளைவையே போட்டுப் போட்டுப் பார்த்தேன் மேடம். எங்க இடறுதுன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. சரி, வயசாச்சு, நம்ம கண்ணுதான் போச்சுன்னு கண் டாக்டர்கிட்டப் போனேன்.” கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “இது அப்போ போட்டது.”

“மன்னிச்சிருங்க சார்.”

“வியாதின்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். புகையை எடுத்தீங்களே, அப்புறமும் இடறிச்சா?”

“இடறிச்சு.”

“அது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். அவரால் கண்டுபிடிக்க முடியாது. “மறுநாளே தெரிஞ்சுது” என்றாள்.

“நான் அந்த வாரம் முழுக்க அங்கதானே இருந்தேன்?”

“இருந்தீங்க.”

“சொல்லலையே?”

“சொல்லல.”

“அதுக்கு வியாதி காரணமில்ல, இல்லையா?”

“இல்ல சார்.”

உள்ளே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது. புகைக்காரர் கதவுப் பக்கம் இருந்தார். “சரி, பார்த்துப் போங்க. படி செங்குத்தா இருக்கும்” என்றார். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கீழே வரும்வரைக்கும் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மங்கல் வேலை கழுகின் கைக்குப் போயிற்று. அவளை ஒலிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கார் பின்னாலிருந்து நெருங்குவதை, உரசிக்கொண்டு கடப்பதைக் காதுக்குச் சொல்லும் வேலை. சாலையையும் அவள் இப்போது காதால்தான் கடந்தாள். அதுவும் மகளோ கணவரோ கூட இருந்தால். வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வருகிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று ஏற்பாடு. கணவர் கடமையாக “வந்துக்கிட்டிருக்கேன், வந்துக்கிட்டிருக்கேன்” என்பார். மகள் ரயில் மாதிரி கூவிக்கொண்டு வருவாள். மாமியார் மட்டும், “என் வீட்டுக்குள்ள நான் நடக்குறதுக்கு நானே அறிவிப்புக் கொடுக்கணுமா?” என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பே போதுமானதாக இருந்தது. மருந்து கொஞ்சம் வேலை செய்தது. மிக மெதுவாக நகர்கிறவை சில நாள் நகர்ந்தன. சில நாள் அதுவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் காற்றில் ஆடும் ஜன்னல் திரைச்சீலையைப் பார்ப்பாள், இன்றைக்கு எந்த மாதிரி நாள் என்று தெரிந்துகொள்ள.

முதல் அப்டேட் வந்த அன்று சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது. புகைக்காரர். “புகை வந்திருக்கிறது. பார்த்தீர்களா? எப்படி இருக்கிறது?”

வணக்கம்கூட இல்லை. குத்திக் காட்டுகிறாரா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று புரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது பொய். தெரியவில்லை என்று எழுதினால் அது அவருக்குப் போதாது. மகளைக் கூப்பிட்டாள். பாலத்து வளைவை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“புகை என்ன பண்ணுதுன்னு அப்படியே சொல்லு.”

“டயர்கிட்டேர்ந்து வெள்ளையா முட்டிக்கிட்டு வருது. அப்புறம் சோம்பேறி மாதிரி எழுந்திருக்குது.” மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். “பாலத்துக் கைப்பிடியில மாட்டிக்கிட்டுக் கிழியுதும்மா. துணி கிழியுற மாதிரி. ஒரு துண்டு இந்தப் பக்கம் வந்துடுது, இன்னொரு துண்டு அங்கேயே சுத்திக்கிட்டு இருக்குது.”

அவள் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, “சொன்னது என் மகள். எனக்குத் தெரியவில்லை” என்று சேர்த்து அனுப்பினாள். அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களை ஒழுங்கு செய்துவிட்டு வந்து பார்த்தாள், வரவில்லை. மறுநாள் மதியம்தான் வந்தது.

“கைப்பிடியில் கிழிவது யார் கண்ணிலும் படாது என்று நினைத்திருந்தேன். அதற்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன்.”

சாயங்காலம் மகள் பையை எறிந்துவிட்டுக் கூவிக்கொண்டே வந்தாள். “அந்த அங்கிள் என்னம்மா போட்டிருக்காரு?”

“நீ நல்லாப் பார்த்திருக்கேன்னு போட்டிருக்காரு.”

“உன்னைப் பத்தி?”

“என்னைப் பத்தி ஒண்ணும் போடல” என்று சொல்லிவிட்டு, அவள் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.